உதயகலா மிஸ்ஸி கட்டிய கட்டு

அன்புள்ள அக்கா,

இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். உங்களோடு தாதியர் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் வேண்டாம். எல்லோரும் படுத்த பிறகு பயந்து பயந்து எழுதுகிறேன்.

இன்று ஆஸ்பத்திரிக்குப் பெரியப்பாவுக்குக் கஞ்சி கொண்டு போனேன். வார்ட்டுத் தாதி உதயகலா மிஸ்ஸி அவருடைய கால் புண்ணுக்கு மருந்து கட்டக் குனிந்தார். பெரியப்பாவின் கை மிஸ்ஸியின் இடுப்புக்குப் போனது. ஆண் தாதி வந்தால் மட்டும் "ஓம் டொக்டர்" என்று கை கட்டிப் படுத்திருப்பவர்!

மிஸ்ஸி அந்தக் கையை எடுத்துக் கட்டில் கம்பியில் வைத்தார்.

"ஐயா, உந்தக் கையாலை இதைப் பிடிச்சுக்கொண்டு படுங்கோ. கட்டு இன்னும் முடியேல்லை."

குரல் உயரவில்லை. புண் நோகாமல் மெதுவாகவே கட்டினார். நானென்றால் இறுக்கிக் கட்டியிருப்பேன்.

பெரியப்பா அப்பாவிடம், "உவள் என்ரை கையைத் திருகினவள்" என்று சொல்லியிருக்கிறார். விடிந்ததும் அப்பா முறைப்பாடு கொடுக்கப் போகிறார். மிஸ்ஸியின் வேலை போய்விடுமாம். நான் கண்டதை அம்மாவிடம் சொன்னேன்.

"வாயை மூடு. குமர்ப்பிள்ளை கதைக்கிற கதையே உது?"

வேறொருவரும் காணவில்லை, அக்கா. அடுத்த வருடம் நீங்களும் வார்ட்டில் நிற்பீர்கள். உங்களுக்கு இப்படி நடந்தால், கண்ட பிள்ளை பேசாமல் இருக்கலாமா?

கதவு தட்டுகிறது. அப்பாதான்.

"பிள்ளை, இன்னும் படுக்கேல்லையே?"

இப்போதே அவரிடம் சொல்லிவிடுகிறேன். விடிந்தால் பயம் இன்னும் கூடிவிடும். கதவைத் திறக்கிறேன்.