பரீட்சை மாதத்தில் ஓடிய கார்ட்டூன் சேனல்

யோவ், இன்றைக்குக் காலையில் பிரசவ வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் ஒரு பொடிசு தன் அம்மாவின் போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கார்ட்டூன் பார்த்தது. எனக்குப் படம் தெரியவில்லை. யாரோ யாரையோ துரத்துகிற சத்தமும், தொப்பென்று விழுகிற சத்தமும்தான் கேட்டது. வேறொரு நாளாக இருந்தால் அதட்டியிருப்பேன். பஸ்ஸில் போனில் பாட்டு வைக்கிறவனையே விடாதவன் நான். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கேட்டேன். உள்ளே என் மகள் இருந்தாள். பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம். போன மழைக்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

உன் கேபிள் டிவி கண்ட்ரோல் ரூம்தான் ஞாபகம் வந்தது. கச்சிராயபாளையம் ரோட்டில் உரக்கடைக்கு மேலே ஓர் அறை, மொட்டை மாடி முழுக்க டிஷ். அந்தக் கார்ட்டூன் சேனல் புதிதாக வந்தபோது முழுக்க இங்கிலீஷ். பொழுது சாய்ந்தால் அதுவும் நின்று, பழைய வெள்ளைக்காரப் படம் ஓடும்.

"இத எவன்யா பார்ப்பான்?" என்று கேட்டேன்.

"புள்ளைங்க பார்த்துக்கினுதான் இருக்குது கண்டக்டரே. வுழுந்து எழுந்திருக்கறதுக்கு இன்னா பாஷை வேணும்?" என்றாய்.

அப்புறம் அந்தப் பொம்மைகள் தமிழ் பேச ஆரம்பித்தன. நாள் முழுக்க ஓட ஆரம்பித்தது. ஆலைக்குப் போகிற கரும்பு லாரி உயரமாக ஏற்றிப்போய் உன் வயரை அறுத்துவிட்டால், சீரியல் பார்க்கிறவர்களுக்கு முன்னால் பொடிசுகள்தான் உன் படியில் வந்து நிற்கும்.

ஆனால் அந்தச் சேனலுக்கு நம் ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. முழுப் பரீட்சை வந்தால் பெற்றவர்கள் கூட்டமாக வந்து உன்னிடம் சொல்வார்கள், நீ நிறுத்திவிடுவாய். அப்போது வீட்டுக்கு வீடு செட்டாப் பெட்டி கிடையாது. அங்கே நிறுத்தினால் ஊருக்கே நின்றது.

என் மகளுக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து அது இதயத்தைத் தொட்ட வருஷமும் நிறுத்தினாய். அவளுக்கு அப்போது ஏழு வயது. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, நான் சொல்கிறவரை படுக்கையிலேயே இருக்கட்டும் என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வயதுப் பிள்ளையைப் படுக்க வைப்பது லேசுப்பட்ட வேலையா? அந்தச் சேனல்தான் படுக்க வைத்தது. வெளியில் வெறும் காய்ச்சல் என்றே சொல்லி வைத்திருந்தோம். பெண்ணுக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்தால் நாளைக்கு எவன் கட்டுவான் என்று எங்களுக்குப் பயம். உன்னிடம்கூட மூச்சு விடவில்லை.

நான் வெள்ளிமலை டிரிப் முடித்து வீட்டுக்கு வந்தால் மனைவி அழுதுகொண்டிருக்கிறாள். டிவியில் ஒன்றும் வராததால் பாப்பா எழுந்து தெருவில் ஓடி, பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டிருக்கிறாள். காக்கிச் சட்டையைக் கழற்றாமல் உன்னிடம் வந்து வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். ஆத்திரத்தில் உண்மையும் வந்துவிட்டது. வந்த பிறகு, "வெளிய சொல்லிடாதய்யா" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் இன்னாத்துக்கு சொல்லப் போறேன்? நீ வூட்டுக்குப் போ" என்றாய்.

சேனல் வரிசையின் கடைசியில், வெறும் புள்ளி மட்டும் இரைகிற ஓர் இடத்தில் அந்தச் சேனலை ஒளித்துவைத்தாய். எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தோம். ஊர்ப் பிள்ளைகள் சும்மா இருக்குமா? தேடிக் கண்டுபிடித்துவிட்டன. சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துப் பார்த்தன. வீடே அமைதியாக இருக்கிறது, பிள்ளைகள் படிக்கின்றன என்று பெற்றவர்கள் பூரித்துப் போயிருந்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் உன்மேல் பாய்ந்தார்கள். உரக்கடைக்காரர் கீழே நின்று, பிள்ளைகளைக் கெடுத்துச் சம்பாதிக்கிறவன் என்று ரோட்டுக்கே கேட்கிற மாதிரி ஏசினார். நீ, "மெஷின் சரியில்லீங்க, நிறுத்த முடியல" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாய். பல வீடுகள் கனெக்ஷனை அறுத்துக்கொண்டு வேறு ஆளிடம் போயின. அந்தக் கெட்ட பேர் கடைசிவரைக்கும் உன்னை விடவில்லை.

மழை முடிந்து, இனி ஓடட்டும் என்று டாக்டர் சொன்ன நாளில் எனக்குத்தான் அவளை விட மனசு வரவில்லை. நீ வந்து டிவியை அணைத்தாய். "வா பாப்பா, மாமாவைத் தொடு பார்க்கலாம்" என்று தொந்தியைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினாய். நான் வாசலிலேயே நின்று அழுதேன்.

அவள் வளர்ந்து, பெண் பார்க்க வந்தவனிடம் தானே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சரி என்றான். இத்தனை வருஷம் நான் பயந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. ஆனால் பிரசவத்தை அந்த இதயம் தாங்குமா என்கிற பயம் இந்தப் பத்து மாதமும் என்னைத் தூங்க விடவில்லை. இன்றைக்கு டாக்டரம்மா வெளியே வந்து, "பொண்ணு பொறந்திருக்கு. அம்மாவுக்கு இதயத்துல ஒரு குறையும் இல்ல" என்றார். அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன் யோவ். நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

மகளைப் பார்த்துவிட்டு, இனி ஊருக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அத எப்பவோ சொல்லியிருக்கணும்பா" என்றாள். சாயங்காலம் நேராக உரக்கடைக்குப் போனேன். ஆளுக்கு வயதாகிவிட்டது, காது மந்தம். சத்தம் போட்டு, கடைக்கு வந்தவர்களுக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பனா?" என்றார். "நான்தான் சொல்லாதன்னு சொல்லி வெச்சிருந்தேங்க" என்றேன்.

கனெக்ஷனை அறுத்துக்கொண்டு போன மற்ற வீடுகளும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்லிக்கினு வரேன். நீ திட்டு வாங்கினது போதும்யா.