கோச் பெரியம்மா

ஜூன் 12

அடியே குட்டை,

நலம், நலமறிய அவா என்று எழுதிவிட்டு மேலே போகலாம் என்றால் முடியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. டீ கொடுத்தாய், ஆசையாகப் பழைய கதையெல்லாம் பேசினாய், வாசல்வரை வந்து வழியனுப்பினாய். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமல் நழுவிவிட்டாய். கல்லூரி நாளில் மைதானத்திலும் இப்படித்தான். வலது பக்கம் பார்த்துக்கொண்டே இடது பக்கம் பந்தைக் கொடுப்பாய்.

அதனால் எழுத்திலேயே கேட்கிறேன். உன் மகளை என் கூடைப்பந்து அணிக்கு அனுப்பு.

இந்தப் பன்னிரண்டு வருஷ கோச் வேலையில் பெண் கேட்டுப் பெண் கேட்டு எத்தனையோ வீட்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணத் தரகர் தோற்றுப்போவார். எல்லா வீட்டிலும் பேசுவதற்கு ஒரு பேச்சு வைத்திருக்கிறேன். உன் வீட்டில் அது வாயில் வரவில்லை. பந்து அவள் கைக்கு வந்தால் மற்ற நாலு பேரும் தானாகச் சரியான இடத்துக்கு ஓடுகிறார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. உன்னிடம் இருந்தது. உன்னிடம் இல்லாத உயரமும் அவளிடம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

கோப்பை மூன்று வருஷமாக எங்கள் கல்லூரியில்தான் இருக்கிறது. அதற்காகச் சொல்லவில்லை. நாலு வருஷம் அவள் என் கண் முன்னால் இருப்பாள். என் பொறுப்பு. வேறென்ன சொல்ல?

உன்,
நெட்டை


ஜூன் 21

அன்புள்ள நெட்டை,

நீ வந்துபோனதிலிருந்து எனக்குத் தெருவில் மரியாதை கூடிவிட்டது. நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளிகூட, "டீவியில வர்ற கோச்சா உங்க வீட்டுக்கு வந்தாங்க?" என்று கேட்டார். அரை மணி தாமதமாக வந்ததற்கு அன்றைக்குத் திட்டு விழவில்லை.

நான் நழுவியது நிஜம். பயம்டீ. அவர் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான். பக்கத்துக் காலேஜில் அவளுக்கு பார்மசி படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பஸ்ஸில் போய் சாயங்காலம் வந்துவிடுவாள். அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கக் கை வரவில்லை. கடைசியில் அவளே கேட்டாள். "நான் போகலைன்னா ஆயுசுக்கும் உன்னைத் திட்டிட்டே இருப்பேன், பரவாயில்லையா?" பரவாயில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன்.

அனுப்புகிறேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள். அவள் பயந்தால் சிரிப்பாள். நன்றாகப் பல் தெரியச் சிரிப்பாள். அவள் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்தபோது வாசலில் நின்று சிரித்தாள். சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். திட்டும்போது சிரித்தால் திமிர் என்று நினைத்துவிடாதே. உள்ளே நடுங்கிக்கொண்டிருப்பாள்.

இத்துடன் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். என் வீட்டில் பேப்பரை அடுத்த தெருவுக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தாய். நானே தேய்த்துப் பொருத்தினேன். தோற்கிற கோபத்தில் கழற்றி வீசாதே.

அன்புடன்,
குட்டை


டிசம்பர் 4

என் அருமைக் குட்டை,

கண்ணாடி மூக்கிலேயே இருக்கிறது. எதிரணியின் முகத்தில் பரு இருந்தால்கூடத் தெரிகிறது.

உன் வாலு சுகம். விடுதிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுகிறாள். மூன்று மாதம் பெஞ்சில் உட்கார வைத்தேன். கூட இருந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், இவள் தண்ணீர் பாட்டில் நீட்டினாள். போன வாரம்தான் முதல் ஐந்து பேரில் இறக்கினேன்.

நேற்று நீ சொன்னது நடந்தது. இடைவேளையில் பதினாலு புள்ளி பின்னால் இருந்தோம். உடை மாற்றும் அறையில் நான் கத்திய கத்தலில் கேப்டனே அழுதுவிட்டாள். உன் மகள் மூலையில் நின்று சிரிக்கிறாள்! என் உதவி கோச் அடிக்கவே போய்விட்டாள். நான் தடுத்து, வாலுவின் தலையில் கை வைத்து, "பயப்படாதே, போய் ஆடு" என்றேன். அவ்வளவுதான். மற்ற பெண்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஆறு புள்ளியில் ஜெயித்தோம்.

திரும்பி வரும்போது என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, "பெரியம்மா, எப்படித் தெரிஞ்சது?" என்றாள். மைதானத்தில் கோச், பஸ்ஸில் பெரியம்மா. பதில் சொல்வதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். குட்டை, நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருநாளும் வருந்தியதில்லை. நேற்று அந்த பஸ்ஸில் கொஞ்சம் வருந்தினேன்.

உன்,
நெட்டை


மார்ச் 29

நெட்டை,

கோப்பைக்கு வாழ்த்து! கடையில் டீவி இல்லை. எதிர்ச் சலூனில் நின்று பார்த்தேன். முகச்சவரத்துக்கு வந்தவர்கள் எல்லாம் நுரையோடு கை தட்டினார்கள். அவள் கடைசியில் போட்டதை நீ பார்த்தாயா? என்ன கேள்வி கேட்கிறேன் பார். உன்னைவிட யார் பார்த்திருப்பார்கள்!

இன்னொரு விஷயம். நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரி பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உன்னைப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று கூப்பிட்டிருக்கிறதாம், நீ போகப் போகிறாயாம். "உன் ஃபிரெண்டு உன் பொண்ணை அம்போன்னு விட்டுட்டுப் போறா" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "பேப்பர்காரன் வாய்க்கு வந்ததை எழுதுவான். அவ கைப்பட எழுதி வாக்குக் குடுத்தவ" என்று கத்திவிட்டேன். இப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

அவள் மூக்கை உடைக்கிற மாதிரி நாலு வரி எழுது. கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

அன்புடன்,
குட்டை


ஏப்ரல் 8

அன்புள்ள குட்டை,

இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டாதே. பேப்பரில் வந்தது உண்மை.

உனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்துப் போடும்வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்றார்கள். பெண்களைக் கூப்பிட்டு நேற்றுதான் சொன்னேன். உன் மகள் சிரித்தாள்.

என் நிலைமையையும் யோசித்துப் பார். இருபதாயிரம் பேர் உட்கார்கிற அரங்கம். பெண்கள் அணிக்கும் தனி பஸ், தனி டாக்டர். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. இந்த வயதில் ஒருத்தியை ஒருமுறைதான் கூப்பிடுவார்கள். போகவில்லை என்றால் செத்தாலும் என் மனசு ஆறாது.

அவளைக் கூட்டிப் போக முடியுமா என்று நீ கேட்பாய். அங்கே அவள் ஆடுகிற இடத்துக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கிறார்கள். வந்தால் பெஞ்சுதான். இங்கேயே இருப்பது அவள் நல்லதுக்குத்தான். என் இடத்துக்கு வருகிறவள் கண்டிப்பானவள், திறமைசாலி. பெயர் சொன்னால் உனக்கே தெரியும்.

கோபம் இருந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன்,
நெட்டை


அக்டோபர் 17

நெட்டை,

ஆறு மாதமாக எழுதாமல் இருந்ததற்குக் கோபம்தான் காரணம். உனக்குக் கிடைத்ததைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முயற்சி செய்தேன். பாதிதான் முடிந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. போன வாரம் முதல் ஆட்டத்தில் அவள் ரெண்டு பந்தைத் தவறவிட்டாள். புது கோச் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள், "தோக்குறதுல உனக்கு என்ன சிரிப்பு?" கேட்கக் கேட்க இவள் சிரித்திருக்கிறாள். "வெளியே போய்ச் சிரி" என்று அனுப்பிவிட்டாள். அணியிலிருந்து பெயரை எடுத்தாகிவிட்டது. அணியில் இல்லை என்றால் விடுதியும் இல்லை. அங்கே வைத்துப் படிக்கவைக்க எனக்கு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்து நின்றாள். ஷூவைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண் மேல் வைத்துவிட்டாள். நான் சமைத்ததைச் சாப்பிடுகிறாள், கேட்டால் பேசுகிறாள். வேறு ஒன்றும் இல்லை.

நீ போகும்போது வருகிறவளிடம் அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகட்டும். இப்போதாவது சொல். போனை எடுத்து, "அந்தப் பொண்ணு பயந்தா சிரிக்கும்" என்று சொல். நான் சொன்னால் அம்மா பேச்சு. நீ சொன்னால் அவள் கேட்பாள்.

வேறு எதையும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

குட்டை


நவம்பர் 15

அன்புள்ள குட்டை,

உன் கடிதம் வந்தபோது வெளியூர் ஆட்டங்களில் இருந்தேன். தலைக்கு மேல் வேலை. தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

படித்ததும் மனசு கேட்கவில்லை. ஆனால் ஒருத்தி அணியில் இன்னொரு கோச் மூக்கை நுழைக்கக் கூடாது. எங்களுக்குள் எழுதாத சட்டம் அது. என் அணியைப் பற்றிப் பழைய கோச் போன் பண்ணிச் சொன்னால் நானே பட்டென்று வைத்துவிடுவேன். சொன்னால் அவளுக்குக் கெடுதல்தான் அதிகமாகும்.

வீட்டில் இருக்கட்டும், ஓய்வெடுக்கட்டும். கொஞ்ச நாளில் தானே சரியாகிவிடும். அவளுக்கு ஒரு நல்ல பந்து அனுப்புகிறேன்.

உன்,
நெட்டை


ஜனவரி 10

அன்புள்ள குட்டை,

பதில் இல்லை. பந்து வந்ததா என்றும் தெரியவில்லை. இருந்தாலும் நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன்.

வாலுவை இங்கே அனுப்பு! அடுத்த சீசனுக்குச் சேர்த்துக்கொள்கிறேன். மேலே பேசிவிட்டேன், விடுதி, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவள் ஆடுகிற இடத்தில் ஒருத்தி படிப்பு முடித்துப் போகிறாள். இன்னொருத்திக்குப் போன வாரம் முட்டி போய்விட்டது, ஒரு வருஷம் ஆட முடியாது. அவள் வந்தால் முதல் நாளிலிருந்தே ஆடலாம். இப்போதே ஓட ஆரம்பிக்கச் சொல். மாத முடிவுக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கச் சொல்வார்கள்.

இந்த முறை நழுவாதே.

உன்,
நெட்டை


ஜனவரி 19

நெட்டை,

பந்து வந்தது. பிரிக்காமல் வைத்திருக்கிறாள்.

உன் கடிதத்தை நான் கடையிலிருந்து வருவதற்குள் அவளே பிரித்துப் படித்துவிட்டாள். ஜூனில் பார்மசிக்கு மறுபடி மனு போடலாம் என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். உன் கடிதம் வந்ததும் சாயங்காலம் ரோட்டில் போய் ஓடிவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் கேட்காமலே தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்துவிட்டுக் கேட்டாள். "அம்மா, என்னைக் கூப்பிடறது கோச்சா, பெரியம்மாவா?"

"ரெண்டும் ஒருத்திதானேடீ" என்றேன்.

"இல்லம்மா. பெரியம்மான்னா எனக்கு முட்டி போனாலும் வெச்சுப்பாங்க. அப்ப நான் போறேன். கோச்சுன்னா இன்னொரு தடவை என்னால முடியாது. நீ கேட்டு எழுது. அவங்க என்ன சொன்னாலும் நம்புறேன்."

நான்தான் பக்கத்து வீட்டுக்காரியிடம் உனக்காகச் சண்டை போட்டவள் ஆயிற்றே, என் பேச்சை நானே நம்பக் கூடாது. நீயே சொல். அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள். சீக்கிரம் சொல்.

குட்டை


பிப்ரவரி 3

குட்டை,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதிவிட்டேன். "பெரியம்மாதான் கூப்பிடறேன், கண்ணு" என்று அவளுக்கே எழுதினேன். உறையை ஒட்டி, ஸ்டாம்ப் ஒட்டி, பையில் வைத்துக்கொண்டு பத்து நாளாகத் திரிந்தேன். வழியில் எத்தனையோ தபால் பெட்டி இருந்தது. இன்றைக்குக் கிழித்துப் போட்டேன்.

பெரியம்மாவாக இருந்திருந்தால் அவள் பெட்டியோடு வந்து நின்ற வாரமே நான் உங்கள் வீட்டில் இருந்திருப்பேன். நீ கெஞ்சிக் கேட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருப்பேன். சட்டம் கிட்டம் என்று கதை விட்டிருக்க மாட்டேன். இங்கே ஒருத்தி கீழே விழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அவளைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் எனக்கு உன் மகள் ஞாபகம் வந்தது.

கூப்பிட்டது கோச்தான். நான் சொல்வதை நம்புகிறேன் என்றாளே, இதை நம்பட்டும். அனுப்பாதே. நான் அவளுக்குச் செய்யக்கூடிய நல்லது இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. அழுவாள். அழட்டும். சிரித்தால் மட்டும் கிட்டேயே இரு.

நீ எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் படிப்பேன்.

அந்த இடத்துக்கு வேறு ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். நல்ல உயரம், இடது கைக்காரி. வீட்டில் அம்மா மட்டும்தான், தைக்கிறாராம். நாளைக்கு அவரைப் பார்க்கப் போகிறேன்.

நெட்டை