சைவச் சட்டியில் மாட்டிறைச்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோ குறைந்ததோ? இங்கே சுவிஸில், கூர் நகரில் குளிர்தான், நான் சுகம்.

வெள்ளிக்கிழமை தொலைபேசியில் "இண்டைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டீர்கள். "சோறும் பருப்பும்" என்றேன். பொய் அம்மா.

என்னோடு ஹோட்டலில் வேலை செய்யும் கொரியப் பெடியன் மின்சூ, விலை குறைத்து விற்ற அரைத்த மாட்டிறைச்சியை உள்ளி, சீனி, சோயா சோஸ் போட்டுக் கெதியாய் வதக்கிச் சோற்றின்மேல் கொட்டித் தந்தான். வழித்துச் சாப்பிட்டேன். மற்றச் சட்டி கழுவாமல் கிடந்ததால், நீங்கள் தந்துவிட்ட சைவச் சட்டியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எழுதவே வெட்கமாயிருக்கிறது.

மிளகாய்த்தூள் அனுப்பும்போது வேறொரு சின்னச் சட்டியும் வையுங்கோ. ஏசுங்கோ, கதைக்காமல் மட்டும் இருக்காதேங்கோ. இங்கு வந்தபின் அன்றுதான் ஒருவன் உங்களைப் போலக் கரண்டியோடு நின்று, "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்டான்.

பஸ் வருகிறது.
உங்கள் மகன்,
கீர்த்தனன்