ஏன் கறுப்பை எடுத்தீர்கள், அப்பா?

அப்பா,

வில்பட்டி வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டு, பரணை ஒழிக்க ஏறினேன். உங்கள் குரங்குக் குல்லாய் கிடந்தது. எடுத்தால் கனத்தது. கையை உள்ளே விட்டேன். டிவியில் கார் ஓட்டி விளையாடுவோமே, அந்தக் கறுப்புப் பெட்டியின் கன்ட்ரோலர். அதன் இடது முனை உங்கள் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து மினுமினுவென்று இருக்கிறது. வலது முனையை மூக்கருகே கொண்டுபோனேன். யூகலிப்டஸ் தைலம். இத்தனை வருடம் ஆகியும் போகவில்லை. அசையாத உங்கள் வலது கையில் பக்கத்து வீட்டுச் சித்தி காலையும் மாலையும் தேய்த்துவிட்ட தைலம். அந்தக் கையைத் தூக்கி இதன் மேல் வைத்து, அதன் மேல் என் கையை வைத்து, நாம் இரண்டு பேரும் எத்தனை வண்டி ஓட்டியிருக்கிறோம். பரண் ஏணியின் நடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வெள்ளையடிக்க வந்தவர் என்ன நினைத்தாரோ, சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. அம்மா போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. கொடைக்கானல் டாக்ஸி ஸ்டாண்டில் உங்கள் வெள்ளைக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. வத்தலக்குண்டுக்கு இறங்கி ஏறுவது உங்களுக்கு டீக்கடைக்குப் போய்வருவது மாதிரி. அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கைகால் இழுத்துவிட்டது. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வலது கை வரவில்லை. ஸ்வெட்டர் பட்டன் போட்டுவிடச் சித்தி வந்தால் அவளை முறைப்பீர்கள். பட்டனே போடாமல் குளிரில் உட்கார்ந்திருப்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே தார்ப்பாய் போர்த்தி நின்ற காரைப் பார்த்துக்கொண்டே பொழுதைக் கழிப்பீர்கள்.

எனக்குக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் மலையேற முடிந்தது. அந்த வருடம் முழுக்க எனக்கு ஒரே கவலை. நான் பஸ் ஏறிய பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள்? பக்கத்து வீட்டிலிருந்து சித்தி சோறு கொண்டுவருவாள். சோறு தின்கிற நேரம் போக மிச்ச நேரம்?

அதற்கு விடை மதுரையில் கிடைத்தது. பிசியோதெரபிக்குப் போயிருந்தோம். எதிரே எலெக்ட்ரானிக்ஸ் கடை. கண்ணாடிக்குள் பெரிய டிவியில் ஒரு கார் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது, மலை ரோட்டில். விளையாட்டுதான், ஆனால் நிஜம் போல இருந்தது. நீங்கள் நடுத்தெருவில் நின்றுவிட்டீர்கள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தும் நகரவில்லை.

“வளைவுல இம்புட்டு வேகமாப் போறான். எதுத்தாப்புல வண்டி வந்தா என்ன பண்ணுவான்?” என்றீர்கள்.

மாசக்கணக்காக உம்மென்று இருந்த மனிதர் வாயிலிருந்து முதல் முதலாக வந்த குறை. எனக்குச் சர்க்கரையாக இனித்தது. இதை வாங்கிவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

வாங்குவது என்று ஆனபின் அடுத்த தொல்லை. அந்த விளையாட்டை ஆடும் பெட்டிகள் இரண்டு. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. ஜென்மப் பகையாளிகள். அந்தக் கார் விளையாட்டு இரண்டிலும் வந்திருந்தது. அதே கார், அதே ரோடு, அதே மலை. பிறகு எதை வாங்கினால் என்ன என்று கேட்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தால், உலகமெங்கும் ஆட்கள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் மரத்தின் இலை தெரிகிறது, அதில் தெரியவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பத்தே நாளில் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் இலை எண்ணிக்கொண்டிருந்தேன். என் தீர்ப்பு வெள்ளை. அதில்தான் படம் திக்காமல் ஓடுகிறது, தூரத்து மலை துலக்கமாகத் தெரிகிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

அடுத்த முறை மதுரை போனபோது கடைக்குள்ளேயே கூட்டிப்போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும், பொறுமைசாலி. இரண்டு டிவியிலும் அதே மலை ரோட்டைப் போட்டுக் காட்டினார். உங்கள் கையைக் கவனித்தவர், வெள்ளைப் பெட்டியில் ஏதேதோ தட்டி, ஸ்டியரிங், ஆக்ஸிலேட்டர், பிரேக் எல்லாவற்றையும் இடது கைக்கே மாற்றிக் கொடுத்தார். நீங்கள் ஓட்டினீர்கள். முதல் தடவை சுவரில் முட்டினீர்கள். இரண்டாம் தடவை மூன்றாவதாக வந்தீர்கள். எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. யார் தயவும் இல்லாமல், ஒத்தைக் கையில்.

கறுப்பில் கதை வேறு. கன்ட்ரோலரை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்து, சாய்த்தால் கார் திரும்பும். பிரேக் இடது விரலுக்கு, ஆக்ஸிலேட்டர் வலது விரலுக்கு. இந்த ஆட்டத்துக்குக் கறுப்பில் கை மாற்றுகிற வசதி வரவில்லை, ஐயாவுக்கு இது சரிப்படாது என்று கடைக்காரரே சொன்னார். உங்கள் வலது கை நழுவி மடியில் விழுந்தது. கார் நின்ற இடத்திலேயே நின்றது.

நீங்கள் இரண்டு டிவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதக் கட்டுங்க” என்று கறுப்பைக் காட்டினீர்கள்.

ஏன் என்றேன். கடைக்காரரும் ஏன் என்றார்.

“வெள்ளைல மலை கழுவித் தொடச்ச மாதிரி இருக்கு. கறுப்புலதான் நம்ம ஊரு மாதிரி மூட்டமாக் கெடக்கு” என்றீர்கள்.

கறுப்பில் தூரத்துப் படம் கொஞ்சம் மங்கல். எந்தக் குறைக்காக நான் அதைத் தள்ளினேனோ, அதையே காரணமாகச் சொல்லி எடுத்துக்கொண்டீர்கள். இப்படி ஒரு வம்பு பிடித்த மனிதரை நான் பார்த்ததில்லை என்று வத்தலக்குண்டு வரைக்கும் பஸ்ஸில் சண்டை போட்டேன். அங்கே அவித்த கடலை வாங்கிக் கொடுத்தீர்கள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அவ்வளவையும் தின்றேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியை டிவியில் மாட்டினோம். நீங்கள் கட்டிலின் இடது ஓரம், நான் வலது ஓரம். உங்கள் வலது கையைத் தூக்கிக் கன்ட்ரோலரில் வைத்தேன். அது நழுவாமல் இருக்க என் கையை மேலே வைத்தேன். என் ஆள்காட்டி விரல்தான் ஆக்ஸிலேட்டர். எனக்கோ ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. விரலை வைக்கவே பயமாக இருந்தது.

“பிரேக் எங்கிட்ட இருக்கு தாயி. நீ பயப்படாம மிதி” என்றீர்கள்.

மிதித்தேன். கார் பாய்ந்தது. இடது வளைவுக்கு நீங்கள் சாய, கையோடு சேர்ந்து நானும் உங்கள் தோள் மேல் சாய்ந்தேன். வலது வளைவுக்கு நீங்கள் என் மேல் சாய்ந்தீர்கள். காபி கொண்டுவந்த சித்தி, வாசற்படியிலேயே நின்று சிரித்தாள்.

பந்தயத்தில் நாம் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. எப்படி ஜெயிப்பது? மறைவான வளைவு வந்தால் நீங்கள் வாயாலேயே ஹாரன் அடித்து, வேகத்தைக் குறைத்து, எதிரே எதுவும் வரவில்லை என்று பார்த்துத்தான் திரும்புவீர்கள். பின்னால் வருகிறவன் அவசரப்பட்டால் ஒதுங்கி அவனை விட்டுவிடுவீர்கள். ஒரு பந்தய ரோடு தன்னையே ஓரிடத்தில் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அங்கே ஏறி வருகிற கார்களைக் கண்டால் என்னை மிதிக்க விடாமல் நிறுத்திவிடுவீர்கள். இது பந்தயம், இங்கே அதெல்லாம் கிடையாது என்று தலையில் அடித்துக்கொள்வேன். “மலைல ஏறி வர்ற வண்டிக்குத்தான் மொத வழி. பந்தயம்னா மலை மாறிப் போயிருமா?” என்பீர்கள். எப்போதும் கடைசி. கடைசியாக வந்துவிட்டு, வண்டியில் ஒரு கீறல் இல்லை பார் என்று பீற்றிக்கொள்வீர்கள்.

ஆனால் நான் இல்லாத நாட்களில் அந்தப் பெட்டி சும்மா கிடந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை நான் வந்தபோது பெட்டி மேல் உங்கள் குல்லாய் கவிழ்த்திருந்தது.

“நீ போற அன்னைக்கு மாட்டுறதுதான். நீ வர்ற அன்னைக்குத்தான் மச்சான் அந்தக் குல்லாய எடுப்பாரு. அதுவரைக்கும் தூசி அண்ட விடமாட்டாரு” என்றாள் சித்தி.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. பொழுது போகட்டும் என்றுதானே வாங்கியது? வெள்ளையை எடுத்திருந்தால் தினமும் தனியாகவே ஓட்டியிருக்கலாமே, யார் சொன்னதையாவது கேட்டால்தானே என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து கத்தினேன். நீங்கள் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, நான் ஓயும்வரை இருந்தீர்கள்.

“ஒத்தையா ஓட்டுறதுக்கா தாயி வாங்குனோம்?” என்றீர்கள் பிறகு. “ஒத்தையா ஓட்டுறதுன்னா எனக்கு அந்த வெள்ளையே போதுமே. அதான் கடையிலயே ஓட்டிப் பாத்துட்டேனே.”

பட்டன் போடக்கூட யாரையும் விடாதவர் நீங்கள். தனியாக முடிந்ததை வேண்டாம் என்று வைத்துவிட்டு, நான் பக்கத்தில் இருந்தால்தான் நகரும் ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறீர்கள். வா என்று ஒரு நாளும் நீங்கள் போனில் சொன்னதில்லை. வருகிறாயா என்றுகூடக் கேட்டதில்லை. வேலை எப்படி, மழை உண்டா, அவ்வளவுதான். சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தக் கடையில் கறுப்பைக் காட்டிய விரலில் சொல்லிவிட்டீர்கள். நான்தான் இலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று கட்டிலின் வலது ஓரத்தில் வந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் வாரா வாரம் வந்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறி, சனிக்கிழமை வெள்ளனே வீட்டு வாசலில் நிற்பேன். குல்லாய் பெட்டி மேல் இருக்காது, உங்கள் தலையில் இருக்கும். ஸ்வெட்டர் பட்டனை என்னைப் போட விடுவீர்கள், முறைக்காமல்.

ஒரு மழை நாளில், ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தபோது, என் உள்ளங்கைக்குக் கீழே உங்கள் விரல் அழுத்தியது போல இருந்தது. அப்பா, விரல் அசைந்தது என்றேன். “ரோட்டப் பாரு” என்றீர்கள். ஆனால் அந்த ஆட்டம் முடிகிறவரை உங்கள் முகம் சிவந்திருந்தது. அது நிஜமாகவே அசைந்ததா, என் ஆசையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அசைந்தது என்றே வைத்திருக்கிறேன்.

அந்த ஐப்பசியில் சித்தி போன் செய்தாள். மறுபடியும் இழுத்துவிட்டது என்றாள். பஸ் பெருமாள் மலையைத் தாண்டும்போது ஒன்றும் தெரியாத அளவுக்கு மூட்டம். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஹாரன் அடித்து நிதானித்தார். வெரசாப் போங்கள் என்று அவரைக் கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. உங்களுக்குப் பிடித்திருக்காது. நான் வந்து சேர்ந்தபோது உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பெட்டி மேல் குல்லாய் இருந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது.

இன்று மத்தியானம், வெள்ளையடிக்க வந்தவர் சாப்பிடப் போன நேரத்தில், பெட்டியைத் துடைத்துப் பழைய டிவியில் மாட்டினேன். ஓடுமென்று நினைக்கவில்லை. ஓடியது. அதே மலை ரோடு, அதே மங்கல். கட்டிலில் என்னை அறியாமல் வலது ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டு முனையையும் நானே பிடித்தேன். கொடி அசைந்ததும் மிதித்தேன். நன்றாகத்தான் போனேன், அப்பா. ஏற்றம் முழுக்க ஒரு பயமும் இல்லை. முதல் வளைவு வந்தது. என் வலது விரல் மிதித்தபடியே இருந்தது. இடது விரல் சும்மா இருந்தது. அதற்கு அந்த வேலை வந்ததே இல்லை.

கார் பள்ளத்துக்குள் போய்விட்டது. மறுபடியும் ஏறினேன், மறுபடியும் அதே வளைவில் விழுந்தேன். எனக்கு மிதிக்க மட்டும்தான் தெரியும். பிரேக் உங்களிடம் இருக்கிறது.