சம்பந்தி என்று கூப்பிட்ட வாய்

நேற்று என் மகள் கஸ்தூரி வந்திருந்தாள். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டாள். நான் எழுந்து போவதற்குள் அவளே டப்பாவிலிருந்து காப்பித்தூளை அள்ளி, வெட்டின இடத்தில் வைத்து அமுக்கிக்கொண்டாள். ரத்தமும் காப்பித்தூளும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதுமே எனக்கு உன்மேல் ஆத்திரம் வந்தது. கூடப் பிறந்த அண்ணன் செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன ஆத்திரம் என்று கேட்பார்கள். கேட்கட்டும். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து இது. தப்பிருந்தால் கேலி செய்ய நீயும் இல்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷத்துக் கோடை. எண்ணூரில் உன் சினேகிதர் ஒருவரின் வீடு சும்மா பூட்டிக் கிடக்கிறது என்று, பள்ளிக்கூடம் லீவு விட்டதும் இரண்டு குடும்பத்தையும் நீதான் கிளப்பினாய். நீங்கள் யானைக்கவுனியிலிருந்து வந்து சேர, ராயபுரத்தில் எல்லாரும் ரயிலேறினோம். அண்ணி அண்டா நிறையப் புளிச்சோறு கொண்டுவந்திருந்தாள். "இன்னா அண்ணி, எண்ணூருக்குத்தானே போறோம், ரங்கூனுக்கா?" என்று நான் கேட்க, ரயில் பெட்டியே சிரித்தது. நாம் இரண்டு பேரும் ஓரிடத்தில் இருந்தால் மற்றவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு வேண்டாம்.

முகத்துவாரத்துக் கரையில் உன் மகன் பாலு ஆளிச்சிப்பி ஓடுகளைப் பொறுக்கி, தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகும்படி வீசிக்கொண்டிருந்தான். ஒன்று திசை மாறி வந்து கஸ்தூரியின் மோவாயைக் கிழித்தது. அரிசி நீளக் காயம்தான். ரத்தம் மட்டும் சட்டையெல்லாம். அண்ணி பாலுவின் முதுகில் இரண்டு வைத்தாள். நான் காப்பித்தூளை வைத்து அமுக்கினேன்.

"ரேஷன் காலத்துல காப்பித்தூள இப்பிடியா கொட்டுவ? இது மோவாயா, காப்பி கிளப்பா?" என்றாய். அழுதுகொண்டிருந்த குழந்தைகூடச் சிரித்துவிட்டது.

"உனக்கு இன்னா, சிரிச்சிக்கினு கீற. பொண்ணு மூஞ்சில தயும்பு நின்னுடப் போவுது" என்றேன்.

"நிக்கட்டுமே. என் புள்ள வச்ச தயும்பு. அத்தை பொண்ணுதானே, அவனே கட்டிக்கினு போறான். இன்னா சம்பந்தி, சரிதானே?"

"நான் மாட்டேன். அவனுக்கு மூக்கு ஒழுவுது" என்றாள் கஸ்தூரி.

அன்றிலிருந்து உனக்கு நான் சம்பந்தி, எனக்கு நீ சம்பந்தி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாசலிலேயே குரல் கொடுப்பாய்: "சம்பந்திம்மா, வூட்ல மீன் கீதா, மரியாதை மட்டுந்தானா?" கஸ்தூரி வயதுக்கு வந்தபோது தாய்மாமன் சீரோடு வந்து, "என் வூட்டுக்கு வரப்போறவளுக்கு நானே பாத்து எடுத்த பொடவை" என்று தெருவுக்கே காட்டினாய். தெரு நம்பியது. அவளும் நம்பினாள். கண்ணாடி பார்க்கும்போது, அது ஏதோ நகை என்பதுபோல் அந்தத் தழும்பைத் தொட்டுக்கொள்வாள்.

பாலுவுக்கு வண்ணாரப்பேட்டை அரிசி மண்டிக்காரர் பெண்ணைப் பார்ப்பதாகக் காதில் விழுந்ததும், வெற்றிலை பாக்குத் தட்டோடு நானும் என் வீட்டுக்காரரும் உன் கோணிக்கடைக்கே வந்தோம். "இன்னா சம்பந்தி, என் மருமவன எவளுக்கோ குடுக்கிறியாமே?" என்று கேலியாகத்தான் ஆரம்பித்தேன்.

நீ தலை நிமிரவில்லை. "பொண்ணுக்கு மூஞ்சில தயும்பு கீது, தங்கச்சி. உங்க அண்ணி யோசிக்கிறா."

நான் சிரித்தேன். உன்னைத் தெரியாதா எனக்கு? முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு பேசி, எதிரில் இருப்பவர் ஏமாந்ததும் வெடிப்பாயே, அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். என் வீட்டுக்காரர் முழங்கையைத் தொட்டார். அப்போதும் காத்திருந்தேன்.

"யாரு வச்ச தயும்பு, அண்ணாத்தே?"

"வெளையாட்டுல பட்டது. வெளையாட்டா சொன்னது. நாலு பேரு வந்து போற கடை. சம்பந்தி கிம்பந்தின்னு இனிமே கூப்புடாத."

அண்ணி யோசிக்கவே இல்லை என்று அவளே பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அரிசி மண்டிமேல் ஆசை என்று நீ சொல்லியிருந்தால், நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன். ஆசை யாருக்கு இல்லை? உன் பிள்ளை கிழித்த மோவாயை என் பெண்ணுக்குக் குறையாகச் சொன்னாயே. வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. கடையில் நின்ற அந்த நாலு பேர் அவள் காதில் போட்டுவிட்டார்கள்.

பிறகு திருவொற்றியூரில் அவளுக்கு நல்ல இடமே அமைந்தது. மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். "மோவாயில இன்னா, கொசு கடிச்சுதா?" என்று கேட்டாராம், கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து. ஆனாலும் அவள் சிரிக்கும்போது கையால் மோவாயை மூடிக்கொள்கிறாள். நேற்று வெட்டுப்பட்ட விரலோடும் மூடிக்கொண்டாள்.

உன் சாவுக்கு வந்தோம். பங்காளி ஒருவர், "சம்பந்தி வூட்டுக்காரங்க முன்னால வாங்க, கோடி போடணும்" என்று குரல் கொடுத்தார். என் கால் தானாக முன்னால் போய்விட்டது. கஸ்தூரிதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நம்மள இல்லம்மா."

பாலுவின் மாமனாராகிவிட்ட மண்டிக்காரர் புதுத்துணியோடு என்னைத் தாண்டிப் போனார். அப்புறம் கூடப் பிறந்தவள் அழட்டும் என்று எனக்கு வழி விட்டார்கள். யார் வீட்டுச் சாவிலும் முதல் குரல் என்னுடையதுதான், உனக்கே தெரியும். உன் தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். என்ன முறை சொல்லிக் கூப்பிட்டு அழுவது? அண்ணா என்று வரவில்லை. மற்றதைக் கூப்பிடாதே என்று நீயே சொல்லியிருந்தாய். வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு அழ வேண்டியதை இன்னும் அழவில்லை.