சட்டைப் பையில் நான்கு தாள்கள்

அண்ணே,

வியாழக்கிழமை இரத்த அழுத்தம் பார்க்கச் சுங்கைப்பட்டாணி கிளினிக்குக்குப் போயிருந்தேன். டாக்டரின் மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த மூளை ஒன்று இருந்தது. பகுதி பகுதியாகக் கழற்றி மாட்டலாம். ஒவ்வொரு பகுதியும் ஒரு நிறம். கேட்காமல் எதையும் தொடாதவன் நான். அன்றைக்கு அவர் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கை தானாக நீண்டு, இடப்பக்கம் நெற்றியை ஒட்டியிருந்த மஞ்சள் துண்டைக் கழற்றிவிட்டது. பாதி எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை. உங்கள் பேச்சு முழுவதும் இவ்வளவு இடத்திலா இருந்தது என்று நினைத்தேன்.

“அது பேச்சுக்கு உள்ள எடம் அங்கிள்,” என்றார் டாக்டர். நம் தமிழ்ப் பிள்ளைதான், முப்பது வயது இருக்கும். “ஆனா இப்படித் தனியா கழட்டுறதெல்லாம் பிளாஸ்டிக்லதான் முடியும்லா. தலைக்குள்ள எல்லாம் ஒன்னோட ஒன்னு சேர்ந்துதான் வேலை செய்யுது.”

எனக்கு அந்தத் துண்டைத் திரும்ப மாட்டத் தெரியவில்லை. அவரே வாங்கி மாட்டினார். அழுத்தம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. ஏதாவது கவலையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நீங்கள் போய் அடுத்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. இதை எழுதத் தகுதி உண்டா என்று பலமுறை யோசித்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

ரப்பர் தோட்டத்தில் நீங்கள் மரத்துப் பால் ஏற்றும் லோரி ஓட்டினீர்கள். நான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. நீங்கள் பேசுவீர்கள், நான் எழுதுவேன். நாற்பது ஆண்டு நட்பு இந்த ஏற்பாட்டில்தான் ஓடியது. ஒரு நாள் காலைப் பெரட்டில், வரிசையில் நிறுத்தி ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் ஒரு பெண்ணை நேரத்துக்கு வரவில்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். “அது நேரத்துக்கு வந்துச்சு, நான் பாத்தேன், கிராணியும் பாத்தாரு!” என்று லோரியிலிருந்து குதித்து வந்தீர்கள். துரை என்னைப் பார்த்தார். நானும் அந்தப் பெண்ணைப் பார்த்திருந்தேன். “பதிவுல இல்லீங்க தொர,” என்றேன். அவள் திரும்பிப் போனாள். சாயங்காலம் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். “எழுதறதுல புலிடா நீ. வாயைத் தொறந்தா எலி,” என்று சொல்லிச் சிரித்துவிட்டு டாம் பலகையை விரித்தீர்கள். அதோடு மன்னித்துவிட்டீர்கள்.

டாம் பலகை என்றால் ஒரு ஒட்டுப் பலகையில் கறுப்பு வெள்ளைக் கட்டம், காய்களுக்குப் பதிலாகப் பாட்டில் மூடிகள். தோட்டத்தை விற்று எல்லாரும் புக்கிட் செலம்பாவ் பக்கம் வீடு மாறிய பிறகும், தினமும் ஐந்து மணிக்குப் பாய் கடையில் அந்த ஆட்டம் தொடர்ந்தது. அங்கேதான் அது நடந்தது. உங்கள் வலது கையிலிருந்த மூடி நழுவிக் கோப்பிக்குள் விழுந்தது. வாய் ஒரு பக்கமாக இறங்கியது. நீங்கள் விளையாட்டுக் காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். தோற்கப் போகும் ஆட்டத்தில் எல்லாம் அப்படி எதையாவது செய்து சிரிக்க வைப்பீர்களே. பாய்தான் முதலில் புரிந்துகொண்டார். “கிராணி, என்னா பாத்துக்கிட்டு இருக்கீங்க, ஆளப் புடிங்க!” என்று கத்திக்கொண்டே அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தார்.

மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். உடலின் வலப்பக்கத்தை அசைப்பது இடப்பக்க மூளை. அதனால் வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் அதே பக்கத்தில் இருந்ததால் அதுவும் போனது. மற்றவர் பேசுவதைப் புரிந்துகொள்ளும் இடம் சற்றுப் பின்னால், காதுக்கு மேலே இருக்கிறது. அது பெரும்பாலும் தப்பித்தது என்று ஒரு டாக்டர் சொன்னார். “பெரும்பாலும்” என்ற சொல்லை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

பேச்சு முழுவதும் போகவில்லை, நினைவிருக்கிறதா? தண்ணீர் என்று சொல்ல வராது. மகன் பேர் வராது. ஆனால் லோரி கிளம்பாத காலைகளில் நீங்கள் கத்தியது மட்டும் பிசிறில்லாமல் வந்தது. தண்ணீர் கொண்டுவந்த மலாய் நர்ஸிடம் “சனியனே, நகர்றியா இல்லையா!” என்றீர்கள். அந்தப் பெண் ஏதோ நன்றி சொல்கிறீர்கள் என்று நினைத்து, “சாமா சாமா, பாச்சே,” என்று மலாயில் பதில் நன்றி சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள். நீங்களும் சிரித்தீர்கள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது.

பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா விளக்கினார். நினைத்ததைச் சொல்லாக்குவது ஒரு வேலை. பழகிப் பழகி உருவேறிய வசவும் பாட்டும் ஒன்று இரண்டு எண்ணுவதும் மூளையில் வேறு வழியாக வரக்கூடியவை. அழுகையும் அப்படித்தான். துக்கம் ஓரிடத்தில் உண்டாகிறது, அதை எப்போது வெளியே விடலாம் என்று அடக்கி வைப்பது இன்னோர் இடம். அந்தப் பிடி தளர்ந்துவிட்டால் அற்பக் காரணத்துக்கும் கண்ணீர் வரும். அழுகிறவருக்குத் துக்கம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

நீங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு நான் தினமும் வந்தேன். கூடத்தில் நாம் இருவர் மட்டும். பலகையை விரித்தேன், வேறென்ன செய்வதென்று தெரியாமல். நீங்கள் இடது கையால் ஒரு மூடியைத் தள்ளினீர்கள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கை என்னுடைய மூன்று மூடிகளை வெட்டித் தாண்டிப் போய் உட்கார்ந்தது. நான் ஏமாந்தேனா, நீங்கள் திட்டமிட்டீர்களா என்று சந்தேகம். மறுநாள் வேண்டுமென்றே ஒரு காயைத் தப்பாக நகர்த்தி, ஆட்டத்தின் விதியை மீறினேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக் காயைப் பழைய இடத்தில் வைக்கச் செய்தீர்கள். அந்தப் பிடியில் பழைய கோபம் இருந்தது.

அதன் பிறகு எழுதத் தொடங்கினேன். அசைவு, பேச்சு, உணர்ச்சி, சிந்தனை என்று நான்கு தலைப்பு, தலைப்புக்கு ஒரு தாள். எந்த நாளில் எத்தனை அடி நடந்தீர்கள், எந்தச் சொல் வந்தது, எதற்கு அழுதீர்கள், எந்த ஆட்டத்தை எப்படி வென்றீர்கள். நான்காவது தாளின் கடைசியில், “இவருக்கு எல்லாம் புரிகிறது, யோசிக்கிறார், திட்டமிடுகிறார்,” என்று எழுதித் தேதி போட்டேன்.

அந்தத் தாள்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தேன். உங்கள் மகன் குமார், வேலை பார்க்கும் ஜொகூருக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தான். கெட்ட பிள்ளை இல்லை. உங்களைப் பார்த்துக்கொள்ள எடுத்த ஒரு மாத லீவு முடிந்து, தூங்காமல் கண் சிவந்திருந்தான். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

“நாள் பூரா அழுவுறாரு அங்கிள். என்னைப் பாத்தாலும் அழுவுறாரு, டிவியைப் பாத்தாலும் அழுவுறாரு. என்னால தாங்க முடியலலா. இங்க ஆள் போட்டுப் பாத்துக்கலாம்னுதான் நெனைச்சேன். ஆனா அவருக்கு ஒன்னுமே புரியலைன்னா எந்த வீட்டுல இருந்தா என்ன?” பிறகு என்னை நேராகப் பார்த்தான். “நீங்கதான் தெனமும் வர்றீங்க. சொல்லுங்க அங்கிள். அப்பாவுக்கு நாம பேசறது புரியுதா?”

நீங்கள் அழுவதை நிறுத்தினீர்கள். அவன் கேட்ட அந்தக் கணத்தில் நிறுத்தினீர்கள். என்னைப் பார்த்தீர்கள்.

என் கை பைக்குப் போனது. தாளின் மடிப்பு விரலில் பட்டது. அப்போதுதான் அந்த “பெரும்பாலும்” நினைவுக்கு வந்தது. நான் டாக்டர் இல்லை. மூன்று மூடிகளைத் தாண்டியதை வைத்து ஒரு மனிதனுக்கு உத்தரவாதம் கொடுக்க நான் யார்? நாளைக்கு ஏதாவது ஆனால், அங்கிள் சொன்னதால்தான் என்று ஆகிவிடாதா? இவ்வளவும் ஒரு நொடியில்.

“எனக்கு அவ்வளவாத் தெரியாதுப்பா,” என்றேன். “டாக்டர்தான் சொல்லணும்.”

உங்கள் வாய் திறந்தது, மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு, “ஒன்னு… ரெண்டு… மூனு… நாலு…” என்று எண்ணத் தொடங்கினீர்கள். சத்தமாக, ஒவ்வோர் எண்ணாக, மகன் முகத்தைப் பார்த்து. உங்களிடம் மிச்சமிருந்த நல்ல பேச்சு அதுதான். நான் உள்ளேதான் இருக்கிறேன் என்பதை அதைக் கொண்டு சொல்லப் பார்த்தீர்கள். இருபது வரை வந்தீர்கள். அதற்குள் கண்ணீர் மறுபடி வந்துவிட்டது.

“பாத்தீங்களா அங்கிள்?” என்றான் குமார், மெதுவாக. “இப்படித்தான்.”

நான் தாள்களை எடுக்காமலே பையிலிருந்து கையை எடுத்தேன்.

புதன்கிழமை காரில் ஏற்றினார்கள். நான் வந்து நின்றேன். இந்த முறை நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. உங்களால் கழுத்தைத் திருப்ப முடியும். இடப்பக்கம் நன்றாகவே திரும்பும், முதல் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நான் இடப்பக்கத்தில்தான் நின்றேன்.

ஐந்து மாதம். அங்கே யாரும் உங்களோடு ஆடியிருக்க மாட்டார்கள். புரியாதவர் என்று எழுதிச் சேர்த்த ஆளிடம் யார் பலகையை விரிப்பார்கள்? காய்ச்சல் வந்தது, போய்விட்டீர்கள். எரித்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நேற்று குமார் போன் செய்தான். அடுத்த மாதம் திவசம், கட்டாயம் வர வேண்டும் என்றான். பிறகு, “அங்கிள், ஒன்னுதான் எனக்கு ஆறுதல். அப்பாவுக்கு எங்க இருக்கோம், யாரு விட்டுட்டுப் போனா, ஒன்னும் தெரியாமத்தான போனாரு?” என்றான். கேள்வியாகத்தான் கேட்டான். பதிலுக்குக் காத்திருந்தான்.

இல்லை என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன், அண்ணே. ஓராண்டாக அந்தச் சொல்லைத் தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னால் உங்களுக்கு நியாயம். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எப்படித் தூங்குவான்?

“ஆமாம்பா,” என்றேன். “அவருக்கு ஒன்னும் தெரியல.”

அவன் அழுதான். நன்றி சொல்லிவிட்டு வைத்தான்.

முதல் முறை தெரியாது என்றது பயம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நேற்றுச் சொன்னது இரக்கமா, அதே பயம்தான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்ததா என்று இரவெல்லாம் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. இரக்கம் என்றே வைத்துக்கொண்டாலும், உங்களை இரண்டாம் முறையும் இல்லாதவராக்கியது நான்தான்.

உங்களுக்குக் கடைசி வரை எல்லாம் புரிந்தது. இது தெரிந்தவன் இந்த உலகத்தில் இப்போது நான் ஒருவன்தான். எனக்கு எழுபத்தாறு வயது.