லத்தீனுக்கு ஒரு வேளைச் சோறு

12 ஜூன் 2025

துணி காயவில்லை. கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன். மருந்துக்கடையில் நாள் முழுக்க காய்ச்சல் மாத்திரைக்கே கூட்டம், நிற்க நேரமில்லை.

போன வாரம்தான் மகள் வெண்மதியைக் கடைத்தெருவில் வள்ளியம்மை டியூஷனில் சேர்த்தேன். அவள் வீட்டுக்காரர் கனகராஜின் மளிகைக்கடை மாடியில் நடக்கிறது. செப்டம்பரில் விழுப்புரத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் போட்டி. அதற்கு லத்தீன் வேர்ச்சொல் எல்லாம் சொல்லித் தருகிறார்களாம். ராத்திரி சாப்பிடும்போது குழந்தை சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "எனக்கு மட்டும் பேப்பர் கப்பும்மா. மத்தவங்கெல்லாம் டம்ளர கழுவி வைக்கணும். நான் குடிச்சிட்டு தூக்கிப் போட்டா போதும். ஜாலி!"

எனக்குச் சோறு இறங்கவில்லை.

13 ஜூன்

நேரில் போய்ப் பார்த்தேன். ஜன்னலோரம் எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கின்றன. கொஞ்சம் தள்ளி, தனியாக, பேப்பர் கப் கட்டு. வள்ளியம்மைக்குச் சிரித்த முகம்.

"பாப்பா புதுசுல்லம்மா, அதான்."

"நேத்து சேர்ந்த யுவஸ்ரீ டம்ளர்லதான குடிக்குது?" என்றேன்.

ஃபேனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "இதெல்லாம் லத்தீன்மா. உங்க வீட்ல சொல்லித்தர யாரு இருக்கா? நிறுத்திட்டா பாப்பாவுக்குதான் நஷ்டம்" என்றாள்.

வெண்மதி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் கேட்கிறாள்: "நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?" டியூஷன் ரொம்ப தூரம் என்று பொய் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளையிடம் வேறு என்னத்தைச் சொல்ல?

அடியே வள்ளியம்மை, என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டியேடி. உன் புள்ளை ஸ்ரீஹரியும் அந்தப் போட்டிக்குத்தானே வர்றான்? வரட்டும்.

14 ஜூன்

இவர் பஸ் ட்யூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன். "உடு புள்ள, இதெல்லாம் இன்னிக்கு நேத்தா நடக்குது?" என்றார்.

அதனாலதான் உட மாட்டேன்.

16 ஜூன்

எங்கள் வீட்டில் சொல்லித்தர யார் இருக்கிறார்களாம்! டி.ஃபார்ம் படித்தவள் நான். இரண்டு வேளை, மூன்று வேளை என்பதற்கு டாக்டர் சீட்டில் கிறுக்குகிற பி.டி., டி.டி.எஸ். எல்லாம் என்னவாம்? லத்தீன்தான். தினமும் அதைப் படித்துத்தான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். மீதியை போனில் தேடிக்கொள்ளலாம்.

இன்றைக்கு முதல் பாடம். வெண்மதியும், இரண்டாம் வகுப்பு படிக்கிற அவள் தம்பி பீமாராவும் பாயில் உட்கார்ந்தார்கள். அஸினுஸ் என்றால் கழுதை. போர்க்குஸ் பன்றி. ஸ்துல்துஸ் முட்டாள். போட்டியில் இதையெல்லாம் கேட்கப் போவதில்லைதான். சொல்லச் சொல்ல எனக்கு வயிறு குளிர்ந்தது.

பீமா கேட்டான்: "யாரும்மா கழுதை?"

"அப்புறம் சொல்றேன். எழுது."

2 ஜூலை

வீடெங்கும் துண்டுச்சீட்டு ஒட்டியாகிவிட்டது. குடத்தில் அக்வா. உப்பு டப்பாவில் ஸால். பால் பாத்திரத்தில் லாக். அக்வா தெரிந்தால் அக்வேரியம் தெரியும், மனுஸ் என்றால் கை என்று தெரிந்தால் மானுவல் தெரியும் என்று ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக் காட்டுகிறேன். வெண்மதி கற்பூரம். டக்கென்று பிடித்துக்கொள்கிறாள்.

உச்சரிப்பில்தான் தகராறு. சாப்பாட்டைச் சிபும் என்பதா, கிபும் என்பதா? எனக்கே தெரியவில்லை. ரோமாபுரிக்காரன் எவனும் செஞ்சிக்கு வந்து திருத்தப் போவதில்லை. சிபும்தான்.

19 ஜூலை

'ஆன்டே சிபும்' என்றால் சாப்பாட்டுக்கு முன். மருந்துச் சீட்டில் வருவது. நேற்று சொல்லிக் கொடுத்தேன். இன்று பார்த்தால் பீமா தட்டுக்கு முன் கண்ணை மூடிக் கைகூப்பி, "ஆன்டே சிபும், ஆன்டே சிபும், ஆன்டே சிபும்" என்கிறான். சாப்பாட்டுக்கு முன் சொல்கிற சாமி மந்திரம் என்று நினைத்துக்கொண்டானாம்! வெண்மதியும் கூடச் சேர்ந்துகொண்டாள். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. திருத்த மனம் வரவில்லை.

10 ஆகஸ்ட்

ராஜகிரிக் கோட்டைக்குப் போனோம். கோட்டை ஆர்க்ஸ், மலை மோன்ஸ், குரங்கு ஸீமியா. படியேறுகிற வழியெல்லாம் பாடம். வெண்மதிக்குக் கால் வலி, உட்காரலாமா என்றாள். "ஸ்ரீஹரி உட்கார மாட்டான்" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது குழந்தைக்கு. "அவன் எனக்கு ஃப்ரெண்டும்மா. ஒரே க்ளாஸ்" என்றாள்.

இருந்துட்டுப் போகட்டும். போட்டி போட்டிதான்.

20 செப்டம்பர்

ஜெயித்தாள்! என் மகள் ஜெயித்தாள்!

முதலில் ஸ்ரீஹரியிடம்தான் கேட்டார்கள். ஸோம்னாம்புலிஸ்ட் என்றால் என்ன? முழித்தான். அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் சொல்லிக் கொடுத்திருந்தால்தானே வரும். அடுத்து வெண்மதி. மைக் எட்டவில்லை, எக்கி நின்று சொன்னாள்: "ஸோம்னுஸ்னா தூக்கம். ஆம்புலோன்னா நடக்கிறேன். தூக்கத்தில் நடக்கிறவர்." ராத்திரி மாத்திரைக்கு டாக்டர்கள் போடும் எச்.எஸ்., அதாவது 'ஹோரா ஸோம்னி', தூங்கும் நேரம், அதில் இருக்கிற தூக்கம் அது. என் கடைத் தூக்கம்.

கை தட்டுகிறார்கள். நான் மேடையைப் பார்க்கவில்லை. வள்ளியம்மை மூஞ்சியைத்தான் பார்த்தேன். கண் குளிரப் பார்த்தேன். பையனைத் தரதரவென்று இழுத்துப் போய், "போயும் போயும் அவகிட்ட தோத்துட்டு வந்து நிக்கிறியே!" என்று அவள் சீறியது எனக்குக் கேட்டது.

'அவகிட்ட'. கேட்டது. இன்னும் கணக்குத் தீரவில்லை.

5 அக்டோபர்

வந்தாள்! வீடு தேடி வந்தாள். உள்ளே வரவில்லை, ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே பேசினாள். நான் டீச்சர் ஆகிவிட்டேன் இப்போது.

"டீச்சர், ஹரி சாப்பிடாம அழுவுறான். வெண்மதி கூடவே படிக்கணுமாம். அடுத்த வருசம் ஆறாவதுக்கும் போட்டி இருக்குதாம். ஃபீஸ் எவ்ளோன்னாலும் பரவால்ல."

இந்த நாளுக்குத்தானே காத்திருந்தேன்.

"ஃபீஸ் வேணாங்க. நீங்க ஒரு வேளை எங்க வீட்ல கை நனைக்கணும். அதான் ஃபீஸ்."

முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சுதாரித்துக்கொண்டு, "அதுக்கின்னா டீச்சர், தாராளமா. இப்ப புரட்டாசி பாருங்க, வெளிய சாப்புட மாட்டேன். முடியட்டும்" என்றாள்.

முடியட்டும். பையன் நாளையிலிருந்து வரட்டும் என்றேன். ஸ்கூல் விட்டதும் மூன்று பேரும் சேர்ந்தே வந்துவிடுவார்கள். நான் கடையிலிருந்து வர இருட்டிவிடும், அப்புறம்தான் பாடம்.

21 அக்டோபர்

தீபாவளி நோன்பாம்.

24 அக்டோபர்

சஷ்டி விரதமாம்.

6 நவம்பர்

கிருத்திகையாம்! முருகா, உனக்கே அடுக்குமா? எங்கள் வீட்டுச் சோற்றுக்குப் பயந்தே ஒருத்தி பக்தை ஆகிவிட்டாளே!

காலண்டரை எடுத்துப் பார்த்தேன். எட்டாம் தேதி சதுர்த்தி, அதையும் சொல்லுவாள். ஒன்பது ஞாயிறு. ஒன்றுமில்லை. சுத்தமாக ஒன்றுமே இல்லாத நாள். போன் பண்ணி, "ஞாயித்துக்கிழமை எந்தச் சாமிக்கும் விசேஷம் இல்லீங்க, பாத்துட்டேன். வரலன்னா திங்கள்லேருந்து ஹரி வர வேணாம்" என்றேன். வேறு வழியில்லாமல் சொன்னாள்: "வர்றேன்."

8 நவம்பர்

சைவம்தான் சமைக்க வேண்டும். நொண்டிச்சாக்குக்கு இடம் வைக்கக் கூடாது. சாம்பார், ரசம், கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம்.

முதல் வாய் உள்ளே போனதும் சொல்ல ஒரு வார்த்தை வைத்திருக்கிறேன்: "பாத்தீங்களா, எங்க வீட்டுச் சோறும் தொண்டையில எறங்குது." பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. குத்திக் கிழிக்கும்.

9 நவம்பர்

வந்தாள். பட்டுப்புடவை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வாங்க என்றேன். பாயின் நுனியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஸ்ரீஹரி, எதிரே வெண்மதியும் பீமாவும். பரிமாறினேன். அவள் கை தட்டுக்கு மேலே நிற்கிறது, இறங்கவில்லை. நானும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வார்த்தை நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்போது மூன்று பிள்ளைகளும் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். "ஆன்டே சிபும், ஆன்டே சிபும், ஆன்டே சிபும்." மூன்று பேரிலும் ஸ்ரீஹரி குரல்தான் பெரிசு.

நான் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லையே.

"இது இன்னாடா? எப்ப கத்துகின?" என்றாள் வள்ளியம்மை.

"டெய்லி சாப்புடும்போது சொல்றதுதானம்மா."

"டெய்லின்னா? எங்க?"

"இங்கதான். ஸ்கூல் விட்டு வந்ததும் வெண்மதி போட்டுக் குடுப்பா." வாய் நிறைய சோறு அவனுக்கு. "நீயும் சாப்புடும்மா, சூப்பரா இருக்கும்."

வள்ளியம்மை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுங்க."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தோம். ஒரு மாதமாக விரதம் விரதமாக எதைக் கட்டிக் காத்தாளோ, அதை அவள் பையன் முதலிலேயே பிசைந்து தின்றுவிட்டான். நான் ஐந்து மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழியையும் சேர்த்துத்தான். நாக்கு நுனியில் இருந்த வார்த்தையைத் தேடினேன். இருந்தது. ஆனால் யாரைக் குத்த? சப்பென்று ஆகிவிட்டது.

அவள் குனிந்துகொண்டாள். சாம்பார் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக முழுக்கச் சாப்பிட்டாள். கடைசியில் தட்டைப் பார்த்தபடியே, "ரசம் இருக்குதா?" என்றாள்.

ஊற்றினேன்.

10 நவம்பர்

வெண்மதிக்குத் தலை பின்னும்போது கேட்டேன். "எப்பலேருந்துடி அவனுக்குச் சோறு போடற?"

"மொத நாள்லேருந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இதுல இன்னாம்மா சொல்றதுக்கு இருக்குது? பசிக்குதுன்னான்."

எனக்குக் கோபம் ஒன்றும் ஆறிவிடவில்லை. அவளை நான் மன்னிக்கவும் இல்லை, அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது அப்படியே கிடக்கட்டும். காலையில் உலையில் ஓர் ஆழாக்கு அரிசி கூடப் போட்டுவிட்டுத்தான் கடைக்குக் கிளம்பினேன்.